அடைப்பு இருந்தால் போதும்

தெருவில் எல்லோருக்கும் அவர் குழாய் மாமா. சாக்கடை அடைப்பை உறிஞ்சியெடுக்கும் லாரியின் ஓட்டுநர். ஏறியதும் ஸ்டியரிங்கைச் செல்லமாக ஒரு தட்டு தட்டுவார். அதன் பிறகுதான் சாவி. வேறு யார் ஓட்டினாலும் அந்த லாரி இருமும், முரண்டு பிடிக்கும். அவரிடம் மட்டும் பெட்டிப்பாம்பு.

கொஞ்ச காலமாக அவருடைய இடது கண் சும்மாவே ஒழுகிக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்த நேரத்தில் லாரி ஒரு விளக்குக் கம்பத்தை உரசிவிட்டது. அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கண் சரியானால் லாரி. இல்லாவிட்டால் புகார் வாங்கும் மேஜை. மேஜை என்றாலே அவருக்கு ஆகாது.

"கண்ணீர் மூக்குக்குள்ள இறங்குற வழியில அடைப்பு இருந்தா ஆபரேஷன் பண்ணி சரியாக்கிடலாம்" என்றார் டாக்டர். "வழி நல்லா இருந்தா வேற காரணம் தேடணும். இழுத்துக்கிட்டே போகும்."

எக்ஸ்ரே அறைக்கு அக்காவும் கூடவே வந்தாள்.

"ஊர்ச் சாக்கடையெல்லாம் எடுத்துவிட்ட. உன்னோடத எடுக்க ஆள் தேட வேண்டியதாப் போச்சு பாருடா!"

"அக்கா, நீ வெளிய போ. சிரிப்பு வந்தா ஊசி மூக்குல ஏறிடும்."

அவள் போனதும் டாக்டர் கண்ணை மரக்கச் செய்து, இமையோரத் துளைக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தினார். ஒப்பிட்டுப் பார்க்க வலது கண்ணிலும் அதே வேலை. தொண்டையில் கசப்பு இறங்கியது. கன்னத்திலும் ஏதோ வழிந்தது. வழக்கமான கண்ணீர்தானே என்று கிடந்தார்.

முடிந்து எழுந்தவர் திரையைப் பார்த்தார். அவருடைய தொழிலே இதுதானே! இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு தங்குதடையின்றி மூக்குக்குள் இறங்கியிருந்தது. வலப்பக்கம் ஒரு குமிழோடு நின்றுவிட்டது.

"போச்சு" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஒழுகுற கண்ணுல அடைப்பே இல்ல. எனக்கு மேஜைதான்."

படமெடுத்த பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். "அண்ணே, படத்துல நீங்க எங்களப் பார்த்து நிக்கிறீங்க. எதிர்ல நிக்கிறவரோட இடது கை எந்தப் பக்கம் இருக்கும்?" திரையின் வலது மூலையிலிருந்த 'L' என்ற எழுத்தைத் தட்டிக் காட்டினாள். "குமிழ் இருக்கிறதுதான் உங்க இடது கண்."

"அடைப்பு இருக்கா?"

"நல்லாவே இருக்கு."

"அக்கா! அடைப்பு இருக்காம்!" அவர் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். லாட்டரி விழுந்தவனைப் போல அப்படியொரு சிரிப்பு.

ஆபரேஷனில் புதுவழி போட்டார்கள். காயம் ஆறி, மறுபடி லாரியில் ஏறிய காலையில், ஸ்டியரிங்கைத் தட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது. வழியனுப்ப வந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்னடா, மறுபடி அடைச்சுக்கிச்சா?"

"இல்லக்கா. ரெண்டு கண்ணும் பாரு. இது நானா அழுறது."

சாவியைத் திருப்பினார். லாரி ஒரு முறைகூட இருமவில்லை.