இரண்டு முறை ஒட்டிய பெட்டி

என் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது ராஜனின் அழைப்பு வந்தது. "மக்கா, லில்லியக்கா போயிட்டா" என்றான். "யாரு?" என்று கேட்டேன். எந்த லில்லி என்று நான் கேட்கவில்லை; அவர் காய்ச்சலில் கிடப்பதைப் பார்த்து வந்திருந்தும், யார் செய்தது என்று கேட்டேன். ராஜனுக்கும் அது அப்படியே புரிந்தது. "யாருமில்ல மக்கா. அந்த எலிக்காய்ச்சல்தான். ஆஸ்பத்திரியில வச்சு" என்றான். தராசுத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். துக்கம் வருவதற்கு முன் ஒரு நிம்மதி வந்தது. ஒரு நல்ல மனுஷியின் சாவுச் செய்தியில் முதலில் நிம்மதி வருமென்றால், அதற்கு முன் நாங்கள் எப்படிப்பட்ட நாட்களில் வாழ்ந்தோம் என்பதை எழுதத்தான் வேண்டும்.

லில்லி புஷ்பத்தைக் கருங்கல் பக்கத்தில் எல்லோருக்கும் மருந்துக்கடை அக்காவாகத் தெரியும். விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்க்கிற எங்கள் சின்னக் கூட்டத்துக்கு அவர் வேறு அக்கா. மஸ்கட்டில் வேலை பார்த்த கணவர் ஒருமுறை ஊருக்கு வரும்போது பெட்டியில் மிட்டாய்க்கு நடுவே கிரிக்கெட் அட்டைகள் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தார். மகள் ஜெனிக்கென்று வாங்கியது. ஜெனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அக்கா பிடித்துக்கொண்டார். கணவர் காலமான பிறகு கடையையும் மகளையும் அட்டைகளையும் ஒன்றுபோலப் பார்த்துக்கொண்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு தக்கலையில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் நாங்கள் கூடுவோம். குளச்சலிலிருந்து நான், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ராஜன், கடியப்பட்டணத்தில் வள்ளம் வைத்திருக்கும் மரிய சூசை, இன்னும் சிலர். அங்கே வந்த ஒரே பெண் அக்காதான்.

இந்தப் பொழுதுபோக்கின் சொற்களெல்லாம் கப்பலேறி வந்தவை. புதிதாக வருகிறவர்கள் விழிப்பார்கள். அக்கா விளக்கினால் மறக்காது. ஒரு வீரரின் முதல் வருடத்து அட்டைக்கு ரூக்கி என்று பெயர். "பிள்ளைய மொதல்ல பள்ளிக்கூடத்துல எடுத்த போட்டோ மாதிரியாக்கும். பல்லு வெளிய நிக்கும், முடி எழும்பி நிக்கும். ஆனா பெத்தவளுக்கு அதுதான் வேணும்" என்பார். அட்டையைத் தரம் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பினால், மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் திருப்பித் தருவார்கள். அது ஸ்லாப். ராஜன் தன் முதல் ஸ்லாப்பைப் பெருமையாக நீட்டியபோது அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா அடக்கம் பண்ணியிருக்கு. மேல பேரும் நம்பரும் எழுதியாச்சு. இனி பூ மட்டும் வச்சா போதும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கூட்டில் அடைக்காத அட்டைகளைத்தான் அவர் கடைசிவரை வைத்திருந்தார்.

அவர் தனக்கென்று சேர்த்தது விக்கெட் கீப்பர்களை மட்டும். காரணம் கேட்டேன். "எல்லாருக்க கண்ணும் பேட்டு பிடிக்கவன் மேல. இவன் ஒருத்தன்தான் பின்னால குனிஞ்சு இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றார்.

பிரவீன் எங்களிடம் வந்து சேர்ந்தது ஒரு மழைக்காலத்தில். எந்த ஊர் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஊர் சொல்லியிருக்கிறான் என்பது பின்னால்தான் தெரிந்தது. சத்தம் போட்டுப் பேசமாட்டான். வெளியிலிருந்து சீல் உடைக்காத பெட்டிகள் கொண்டுவருவான், மற்ற இடங்களைவிட விலை குறைவு. நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவற்றைக் கிழிப்போம். பெட்டிக்குள் பெரும்பாலும் பேஸ் அட்டைகள்தான் இருக்கும், அதாவது சாதாரணம். எப்போதாவது வீரரின் கையெழுத்தோடு ஒன்று வந்தால் அதுதான் ஹிட். பிரவீனின் முதல் பெட்டியிலேயே சூசைக்கு ஒரு கால்பந்து வீரரின் கையெழுத்து அட்டை வந்தது. சூசை ஊர் அணிக்குக் கோல் காத்தவன். அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான். அதன்பிறகு யாருக்கும் எதுவும் வரவில்லை. புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருடைய முதல் பெட்டியில் மட்டும் வரும். பிறகு அவருக்கும் வராது. வராமல் போகப் போக எல்லோரும் கூடுதலாக வாங்கினார்கள்.

அக்காதான் முதலில் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். மருந்து டப்பாவில் போலி வருகிற காலம் இது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளின் ஒட்டு எப்படி இருக்கவேண்டும் என்பது அவருக்கு அன்றாடக் கவலை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "சலீமே, அந்தப் பெட்டி ரெண்டு தடவ ஒட்டினதாக்கும். உள்ள இருந்த நல்லத எடுத்துட்டு, பொய்ய வச்சு ஒட்டியிருக்கான்."

சூசை தன் வள்ளத்தின் எஞ்சினை விற்று, பெட்டிகள் அடுக்கிய ஒரு முழுக் கேஸ் வாங்கப்போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றே அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கடியப்பட்டணம் போனார். சூசை கரையில் நின்று எஞ்சினை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் கறுத்தது.

"அக்கா, ஒங்களுக்கு ஹிட்டே வரல்ல. எனக்கு வந்திட்டு. அதாக்கும் விசயம்."

"எனக்கு வரல்ல மக்கா, சரிதான். ஆனா ஒனக்கும் வரல்ல. பேனா வச்சு எழுதினா மை அட்டைக்க மேல ஏறி நிக்கணும். ஒனக்க அட்டையில பூரா புள்ளிப் புள்ளியா இருக்கு. அச்சடிச்ச கையெழுத்து."

"பாக்கண்டாம். எனக்குப் பாக்கண்டாம்" என்று அவன் திரும்பிக்கொண்டான்.

"பாக்கண்டாம். எஞ்சின மட்டும் அடுத்த மாசம் வரைக்கும் விக்காத. நான் அவன்கிட்டயே கேக்குதேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். "பிரவீனே, இந்தப் பெட்டி ரெண்டு தடவ ஒட்டினதாக்கும், இல்லியா?" பிரவீன் கோபப்படவில்லை. "அக்காவுக்குக் கண்ணாடி மாத்தணும்போல" என்று சிரித்தான். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். கிளம்பும்போது படியருகே நின்று, மிகவும் பிரியமாகக் கேட்டான்: "ஜெனிக்குப் பரீட்சை எப்ப அக்கா?"

அக்கா கீழே இறங்கி ஸ்கூட்டரைத் தொட்ட பிறகு என்னிடம், "அவன்கிட்ட நான் பிள்ளைக்க பேரச் சொன்னதே இல்ல மக்கா" என்றார்.

ஒரு காலையில் அக்கா என்னைப் போனில் கூப்பிட்டு, "கருங்கலுக்கு வந்திட்டுப் போறியா?" என்றார். குரலில் பதற்றம் எதுவும் தெரியவில்லை. போனபோது கடையில் கூட்டம். ஒரு கிழவருக்கு மாத்திரையை எப்போது சாப்பிடவேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி முடித்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்துத் தந்தார். கதவிடுக்கு வழியாக யாரோ போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு விளையாட்டு அட்டை. பளபளவென்ற பொன் வரி ஓரம், வழக்கமான அளவு, எல்லாம் முறைப்படி. முன்பக்கத்தில் இருந்தது லில்லியக்கா. கடையின் ஷட்டரைத் தூக்கும்போது பின்னாலிருந்து எடுத்த படம். பின்பக்கத்தில், வீரர்களின் ஓட்டக் கணக்கு இருக்கவேண்டிய இடத்தில், அவர் கடை திறக்கும் நேரம், வீட்டுக்குப் போகும் வழி, ஜெனி டியூஷனுக்குப் போகும் தெரு. கீழ் மூலையில் சின்னதாக 1/1. உலகத்தில் ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சிட்ட அட்டைக்குப் போடுகிற எண் அது. எந்தச் சேகரிப்பாளரும் வாழ்நாளில் ஒன்றாவது கிடைக்காதா என்று ஏங்குகிற எண்.

"பேடியா இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாம இருக்குமா? கையப் பாரு" என்று நீட்டினார். விரல்கள் நடுங்கின. அதே கையால் அடுத்தவருக்கு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு பாத்தியா? இந்தப் பொன் வரி இடது பக்கம் விலகி நிக்கு. மேல ஒரு கீறல். சூசைக்க கையெழுத்து அட்டையிலயும் இதே எடத்துல இதே கீறல். ரெண்டும் ஒரே மெசின்ல அடிச்சதாக்கும். என்னயப் பேடிப்பிக்கணும்னு அவனே சாட்சி அனுப்பியிருக்கான்" என்றார்.

காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். இதில் மிரட்டல் என்று எங்கே இருக்கிறது, படம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார்கள். ஜெனியை அக்கா பூதப்பாண்டியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். கடைக்கு எதிரே நம்பர் பலகை இல்லாத ஒரு பைக் சில நாட்கள் நின்றது. போன் அடிக்கும், எடுத்தால் பேச்சில்லை. நானும் ராஜனும் முறைவைத்து மாலையில் அவர் கடை பூட்டும்போது போய் நின்றோம். எதுவுமே நடக்காத அந்த மாலைகளைப் போலக் கனத்த மாலைகளை நான் கண்டதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா வரமாட்டார் என்றே நினைத்தோம். பிரவீன் முன்னதாகவே வந்து பெட்டிகளை அடுக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். அக்கா மாடியேறி வந்து அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்தார். தன் படம் போட்ட அட்டையை மேசை நடுவில் வைத்தார். சூசையைப் பார்த்து, "மக்கா, ஒனக்குள்ளதையும் இதுக்குப் பக்கத்துல வையி. ஒரே ஒரு தடவ" என்றார். சூசை அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். தயங்கித் தயங்கி எடுத்து வைத்தான். அக்கா பூதக்கண்ணாடியை அவனிடம் நீட்டினார். அவன் பார்த்தான். ராஜன் பார்த்தான். கண்ணாடி ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. பிரவீனிடம் வந்தபோது அவன் வாங்காமல் டீயைக் குடித்து முடித்தான். அவசரமே இல்லாமல் பெட்டிகளைப் பைக்குள் போட்டான்.

"இது சின்ன ஊராக்கும் அக்கா" என்றான்.

"அதனாலதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு" என்றார் அக்கா.

அவன் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகு சூசை தன் அட்டையை நாலாகக் கிழித்தான். அக்கா அவன் தோளில் கைவைத்து, "எஞ்சின் இருக்குல்லா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது.

அதற்குப் பிறகு பிரவீனை யாரும் பார்க்கவில்லை. அக்காவுக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் இனி நேராது என்று எந்த நாளிலும் அவரால் முடிவுகட்ட முடியவில்லை. ஜெனி திரும்பி வந்த பிறகும் வரும் பொட்டலங்களை அவள் இல்லாதபோதுதான் பிரித்தார். பூட்டை இழுத்துப் பார்த்து, இறங்கி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். "எப்ப இது தீரும் அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "தீராது மக்கா. பல்லுவலி மாதிரி வச்சுக்கிட்டே கடை நடத்த வேண்டியதுதான்" என்றார்.

போன மழையில் மருந்துக்கடைக்குப் பின்னால் வெள்ளம் ஏறியது. நனைந்த பெட்டிகளை அக்கா வெறுங்காலோடு நின்று அள்ளிப்போட்டிருக்கிறார். காய்ச்சல் வந்தபோது தானே மாத்திரை எடுத்துக்கொண்டார். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது கண்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. நான் பார்க்கப் போன பகலில் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலைக் காட்டி, "வெளிய யாராவது நிக்கியானா?" என்று கேட்டார். எழுந்து பார்த்தேன். சீட்டு வாங்க நிற்பவர்களின் வரிசை மட்டும் இருந்தது. "யாருமில்ல அக்கா" என்றேன். "நல்லா பாத்தியா?" என்றார். மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதன்பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினார்.

அடக்கத்தன்று மழை விடவில்லை. சூசை கடலிலிருந்து நேராக வந்திருந்தான். ஜெனியின் பக்கத்தில் நின்ற நாங்கள் ஒவ்வொருவரும் கூட்டத்தில் தெரியாத முகம் ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டிருந்தோம். கல்லறையில் மண் விழுந்த சத்தத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.

சென்ற வாரம் சரக்கு எடுக்கக் களியக்காவிளை போயிருந்தேன். ஒரு புதிய கடையில் விளையாட்டு அட்டைகளின் பெட்டிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வேலைச் சீருடையோடு ஒருவர் கையில் ஒரு பெட்டியை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வாங்கவந்தவர் போலிருந்தது. அவரிடம் கேட்டு வாங்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டு தடித்து, ஓரம் கருகியிருந்தது. கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "இது ரெண்டு தடவ ஒட்டின பெட்டி. வாங்காதீங்க" என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவன் மெதுவாகத் தன் போனை எடுத்து, என் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தான்.

என் கைகள் நடுங்கின. நடுங்கட்டும் என்று விட்டேன். லில்லியக்காவிடமிருந்து என்னோடு தங்கியது இதுதான். அவன் படம் எடுத்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல் நின்றேன்.