திட்டித் திட்டி வழக்காடிய திலகவதி மிஸ்

செய்தி ஹாலிஎல பஸ்ஸில் வந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் கைபேசி ஒலித்தது. கேட்டுவிட்டு எரிச்சலோடு சொன்னார்: "என்னங்க இது, நாளைக்கு கோர்ட்ல எனக்குத் தவணை. இந்த நேரம் பாத்து திலகவதி மிஸ் செத்துப் போயிட்டாங்களாம்." சொன்ன கையோடு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் முதலில் வந்தது கோபம்தான். அந்த மனுஷியோடு நான் போட வேண்டிய சண்டை இன்னும் மிச்சம் இருந்தது.

பதுளையில் சட்டத்தரணி திலகவதியிடம் விவாகரத்து வழக்குக் கொடுத்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? திட்டு வாங்காமல் அவர் அலுவலகப் படியிறங்கியவர் நம்மில் யாரும் இல்லை.

நான் தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை. என் கணவர் கொழும்பில் கடை வேலைக்குப் போனவர். வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. லோயர் வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் மாதக்கணக்காகப் பேச்சு. "லோயர் எதுக்கும்மா? கோயில்ல நாலு பேரை வச்சு ஒரு கடுதாசி எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சிச்சு" என்றார் அண்ணன். அதை அப்படியே மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தக் கடுதாசியில வடை சுத்தலாம் டீச்சர். பதிஞ்ச கல்யாணத்தைக் கோர்ட்தான் பிரிக்கணும். ரெண்டு பேருக்கும் சம்மதம்னாலும் போதாது. யாரு பக்கம் தப்புன்னு காட்டணும்."

"அப்ப வழக்குப் போடுங்க மிஸ்."

"போட மாட்டேன். நீங்க இன்னும் கோபத்துல இருக்கீங்க. கோபத்துக்கு லோயர் வைக்காதீங்க. கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்ச பிறகு வாங்க."

விடுமுறை எடுத்து, மழையில் நனைந்து வந்தவளுக்கு இதுதான் கிடைத்தது. அந்த ஆத்திரத்தோடே ரயிலேறிக் கொழும்புக்குப் போய்க் கணவரை இன்னொரு முறை கூப்பிட்டேன். கடை வாசலிலேயே நிறுத்திவைத்து, வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வரும் வழியில் தேடிப் பார்த்தேன், கோபத்தைக் காணவில்லை. ரயிலை விட்டிறங்கி நேரே மிஸ்ஸிடம் போனேன். என் முகத்தைப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் கோப்பைத் திறந்தார்.

அதன் பிறகு தவணை, தவணை, தவணைதான். ஒரு நாள் நீதிபதி விடுமுறை. ஒரு நாள் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் காய்ச்சல். "எப்ப மிஸ் முடியும்?" என்று கேட்டால், "முடியிறப்ப முடியும். தீர்ப்பு வந்தாலும் அது உறுதியாக இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் எதுவும் பாத்துடாதீங்க" என்பார். வேறு லோயரைப் பார்க்கலாமா என்று நான் யோசிக்காத வாரமே இல்லை.

ஒருவழியாக விசாரணை வந்தது. நான்தான் தன்னைக் கைவிட்டேன் என்பது கணவரின் வாதம். வழக்கு சிங்களத்தில் நடந்தது. எனக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும், நீதிமன்றச் சிங்களம் எட்டாது. அதனால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றார். கணவர் போன பிறகு என்ன செய்தீர்கள் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார்.

"நேர்ல போய்க் கூப்பிட்டேன். வரலை. பிறகு விட்டுட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னதை நீதிபதி எழுதத் தொடங்கினார். மிஸ் விருட்டென்று எழுந்தார். சாட்சி சொன்னது அதுவல்ல, மறுபடி கேட்க வேண்டும் என்றார். மன்றத்தில் முணுமுணுப்பு. நீதிபதி அனுமதித்ததும் மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"எதை விட்டீங்க டீச்சர்?"

"கூப்பிடுறதை விட்டேன் மிஸ்!" எரிச்சலில் குரல் உயர்ந்துவிட்டது. "அவரை நான் விடலை. அவருதான் என்னை விட்டுட்டுப் போனாரு."

அதுதான் பதிவானது. 'பிறகு அவரை விட்டுவிட்டேன்' என்று என் வாயாலேயே நான் சொன்னதாகச் சற்று முன்பு அந்த மன்றத்தில் சிங்களத்தில் ஒலித்திருக்கிறது. அது பதிவாகியிருந்தால் வழக்கே கவிழ்ந்திருக்கும் என்பது வெளியே வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். நடைபாதையில் அத்தனை பேர் முன்னால் மிஸ் கத்தினார்: "பிள்ளைகளுக்குத் தமிழ் படிச்சுக் குடுக்கிறீங்க. ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்ல வராதா? நீங்க பாதியில நிறுத்தினா மிச்சத்தை வேற எவனாவது சொல்லிடுவான்!"

அவ்வளவு பேர் முன்னால் அழுதுகொண்டு பஸ் ஏறினேன். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அந்தக் கத்தலுக்காக அவரோடு சண்டை போட வேண்டும் என்று இருந்தேன். நான் போடுவதற்குள் போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கத்தலைத்தான். பெற்றோர் கூட்டத்திலும் அதிபர் அறையிலும் "டீச்சர் என்ன சொல்ல வாறாங்கன்னா" என்று யாராவது தொடங்கினால், "நான் இன்னும் முடிக்கலைங்க" என்கிறேன். முடித்துவிட்டுத்தான் உட்காருகிறேன். பாடசாலையில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர் வந்துவிட்டது. இருக்கட்டும்.