மாமனார் படையலுக்கு நான் போட்ட ஒயின்

என் ஓரகத்திமேல் எனக்குப் பொறாமை உண்டு. அவள் நகைக்காகவோ நிறத்துக்காகவோ இல்லை. ஆயர் தாவார் ஊரில் அவள் போடுகிற அன்னாசி ஒயினுக்காக.

தீபாவளிக்கு முந்தின நாள், அவள் வீட்டில், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில், மாமனாருக்குப் படையல் போடுவோம். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர் அவர். இருந்தவரை சாயங்காலமானால் ஒரு கிளாஸ் வேண்டும். அதனால் கோழிக் குழம்பு, வடையோடு ஒரு கிளாஸும் வைப்போம். அதில் வருஷா வருஷம் ஓரகத்தியின் ஒயின்தான். பூசை முடிந்து ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு அவளைப் புகழ்வார்கள். என் வீட்டுக்காரர் கண்ணை வேறு மூடிக்கொள்வார். எனக்கு வயிறு எரியும்.

போன தீபாவளிக்கு நானே போட்டேன். ஈப்போ பசாரில் நன்றாகப் பழுத்த அன்னாசியாகப் பார்த்து வாங்கி, சீனியும் ஈஸ்டும் சேர்த்து ஜாடியில் ஊற்றி, ஊசியால் ஓட்டை போட்ட பலூனை அதன் வாயில் மாட்டினேன். புளித்து நுரைக்கிற முதல் கொதிப்பு நடக்கும்வரை பலூன் நிமிர்ந்து நிற்கும். அடங்கினால் தொங்கிவிடும். அப்புறம்தான் அடியில் தங்கிய மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் போத்தலுக்கு மாற்ற வேண்டும்.

ஓரகத்தி இதையெல்லாம் மறைக்கிறவள் இல்லை. "பலூன மட்டும் நம்பக்கூடாதுலா. நாக்குல வெச்சுப் பாரு. இனிப்பு இருந்தா உள்ள இன்னும் வேல நடக்குது" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள். மறைத்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

பலூன் கம்பீரமாக நின்ற நேரம் பார்த்து அவள் துணி எடுக்க ஈப்போ வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். அவள் கண்ணில் படக்கூடாதென்று ஜாடியைப் படுக்கையறைக்குத் தூக்கிப் போனேன். கதவு எந்நேரமும் சாத்தியிருக்க ஒரு சாக்கு வேண்டுமே, ஏர்கோனைப் பகலிலும் ஓடவிட்டேன். வீட்டுக்காரர் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்.

அவள் கிளம்பியதும் போய்ப் பார்த்தேன். பலூன் துவண்டு தொங்கியது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன், தித்தித்தது. அவள் சொன்னது ஞாபகம் வராமலில்லை. ஆனால் அவளுடையது எப்போதும் கொஞ்சம் துவர்க்கும். என்னுடையது அதைவிட ருசி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். போத்தலில் ஊற்றி மூடியை இறுக்கினேன். ஏர்கோன் குளிரில் கொதிப்பு தூங்கித்தான் போயிருந்தது, முடியவில்லை என்பது எனக்குத் தெரியாது.

படையலன்று வெயிலில், காரில், ஆயர் தாவார்வரை போத்தலை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

"இந்த வருஷம் மாமாவுக்கு நான் போட்டது" என்று மூத்தவரிடம், ஓரகத்தியின் புருஷனிடம், நீட்டினேன்.

அவர் மூடியைத் திருகியதும் டப்பென்று தெறித்தது. மாமனார் படத்தில் நுரை, வடையில் நுரை, மூத்தவரின் வெள்ளைச் சட்டையெல்லாம் நுரை. எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் அதிகம் சிரித்தார்.

ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் படத்தைத் துடைத்தாள். போத்தலின் அடியில் மிஞ்சியிருந்ததைக் கிளாஸில் ஊற்றினாள். அவளுடைய ஒயின் பக்கத்திலேயே திறக்காமல் இருந்தது.

"மாமாவுக்கு இனிப்புன்னா உசுரு. இதையே வெச்சிடலாம்" என்றாள்.

அப்போது எல்லாரும் அவளைப் பார்த்தார்களே ஒரு பார்வை. அவள் ஒயினைக் குடித்துவிட்டுக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மாமனாரின் கிளாஸில் என் ஒயின். விழுந்து கும்பிடும்போது, இந்த வயிற்றெரிச்சலை அவரிடமாவது சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. இருந்தபோதே அவருக்கு மூத்த மருமகளைத்தான் பிடிக்கும்.