நாலாவது மண்டாசி

இது கதையில்லை. கதையாக இருந்தால் இதைவிட நல்லபடியாக முடித்திருப்பேன்.

நான் மட்டாட்டு ஓட்டுகிறவன், ஆளேற்றுகிற வேன். நியேரிக்கும் நைரோபிக்கும் நாளைக்கு இரண்டு நடை. தலை எண்ணிப் பிழைக்கிறவன் பேய், பிசாசு என்று உளறிக்கொண்டிருந்தால் அடுப்பு எரியாது. முக்காமி என் பக்கத்து வீட்டுக்காரி. அன்றைக்கு நடந்ததை அவள் வாயால் ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டேன். ஒரு தடவைகூட நேரம் மாறவில்லை, சொல் மாறவில்லை. பொய் சொல்கிறவர்களுக்கு அவ்வளவு ஞாபகம் இருக்காது. கடைசியில் வருவது மட்டும் என் கண்ணால் நானே பார்த்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் இனத்தில் பெற்ற பிள்ளைகளை எண்ணமாட்டோம். ஊரார் தலையை எண்ணலாம், சொந்தத் தலையை எண்ணினால் எமனுக்குக் கணக்குக் கொடுத்த மாதிரி. எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால் ஒன்றைக் குறைத்துச் சொல்லிவிடுவோம். முக்காமிக்கும் அவள் புருஷன் முரேய்திக்கும் நான்கு பிள்ளைகள். கிஹாராவுக்குப் பத்து வயது, வமூயுவுக்கு எட்டு, முகுரேக்கு ஆறு, கடைக்குட்டி இருங்குவுக்கு நான்கு. கேட்டவர்களுக்கெல்லாம் முரேய்தி சொன்னது மூன்று.

எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்க்க முக்காமி தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். ஆளுக்கு ஒரு தின்பண்டம் எடுத்துப் பேர் சொல்லி நீட்டுவாள். கையில் மிச்சம் எதுவும் இல்லையென்றால் எல்லாரும் இருக்கிறார்கள்.

ஏப்ரல் விடுமுறைக்கு முரேய்தியின் வேனில் கடற்கரைப் பக்கம் போனார்கள். மழைக்காலத்தில் கடலுக்குப் போகிற புத்திசாலிகள்! நான்கு நாளும் மழை. விடுதி அறைக்குள் நான்கு பிள்ளைகளை அடைத்துவைத்தால் என்ன ஆகும்? அடிதடி, அழுகை, ஈரத்துணி நாற்றம். ஐந்தாம் நாள் முரேய்திக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு சுவத்தையே பாத்துட்டுப் போறதா? கிவூலினி இடிபாட்டையாவது காட்டிட்டு வருவோம். கிளம்புங்க."

"மழையில இடிஞ்ச சுவரு பாக்கணுமாக்கும்" என்றாள் முக்காமி. ஆனாலும் கிளம்பினாள். வழியில் சந்தைக் கடையில் நான்கு மஞ்சள் மழைக்கோட்டு வாங்கினார்கள். நான்கும் ஒரே மாதிரி. தொப்பியை இழுத்துவிட்டால் எது யார் என்று பெற்றவளுக்கே தெரியாது. அடுத்த கடையில் பேர் சொல்லிச் சொல்லி மண்டாசி எடுத்துக் கட்டிக்கொண்டாள். எண்ணெயில் பொரித்த, ஏலக்காய் வாசம் வீசுகிற மண்டாசி. திரும்பும்போதுதான் தருவேன் என்று பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று இருபதுக்கு வாசலில் நின்றார்கள். சீட்டு அறையின் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் காவலாளி கரிசா உட்கார்ந்திருந்தார். அந்தக் கடற்கரைப் பக்கத்துக் கிரியாமா இனத்துக் கிழவர். முன்னால் ஒரு பெரிய நோட்டு. மழைக்குப் பயந்து தலையை வெளியே நீட்டவில்லை.

"எத்தனை பேரு?"

"பெரியவங்க ரெண்டு."

"புள்ளைங்க?"

முரேய்தி யோசிக்கவே இல்லை. "மூணு."

"சரியாச் சொல்லுங்க சார். புள்ளைங்களுக்குச் சீட்டு கிடையாது, அதனால பொய் சொல்லத் தேவையில்ல. இங்க நோட்டுல எழுதினதுதான் பேச்சு. எழுதின தலைதான் வெளிய வரும்."

"மூணுன்னா மூணுதான் பெரியவரே. உள்ள என்ன தங்கமா கொட்டிக் கிடக்கு, கூட ஒரு ஆளு வந்து அள்ளிட்டுப் போக?"

கரிசா சிரிக்கவில்லை. மூன்று என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார்.

முக்காமிக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லதுதானே, கண் படாது என்று அவளும் நினைத்தாள். இதைச் சொல்லும்போதெல்லாம் தன் வாயில் தானே அடித்துக்கொள்வாள்.

உள்ளே யாருமில்லை. பவழக்கல் சுவர்கள், கூரையில்லாத வீடுகள், தூண் வைத்த கல்லறைகள். எல்லாம் கறுத்து நனைந்து கிடந்தன. எப்போதும் கூச்சல் போடும் குரங்குகள் அன்று மரத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தன. முரேய்தி பலகையில் எழுதியிருந்ததையெல்லாம் சத்தமாக வாசித்தான். யார் கேட்டார்கள்?

முகுரேதான் அன்றைக்கு உயிரை வாங்கினாள். கால் வலிக்கிறது, பசிக்கிறது, செருப்புக்குள் மணல். எல்லாவற்றுக்கும் மேல் அவளுக்குப் பல் கவலை. ஊரிலிருந்து கிளம்பின அன்று முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எலி புதுப் பல் கொண்டுவரும் என்று கூரைமேல் எறிந்துவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, எலி வந்து பாக்கும்ல? நான் வீட்ல இல்லைன்னா பல்லை யார்ட்ட குடுக்கும்?"

"உன்னைத் தேடிக் கொண்டுவந்து குடுக்கும். வாயை மூடிட்டு நட."

மணி நான்கு ஐந்து. ஒரு பழைய கிணறு. கிஹாரா எட்டிப் பார்த்துக் கத்தினான். "ஒண்ணு... ரெண்டு... மூணு!"

கிணறு திருப்பிச் சொன்னது. ஒண்ணு... ரெண்டு... மூணு...

கொஞ்சம் பொறுத்து, மெதுவாக... நாலு.

"அப்பா, நான் மூணோட நிறுத்திட்டேன்" என்றான் கிஹாரா.

"பசி மயக்கம்டா. நட, நட."

நான்கு முப்பது. ஒரு வீட்டு வாசற்படியில் முகுரே உட்கார்ந்துவிட்டாள். கல் படி, நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. காலை உதைத்துக்கொண்டு அழுதாள். மழை வலுத்தது. இருங்கு முக்காமியின் இடுப்பில் தொங்கிக்கொண்டு சிணுங்கினான். முரேய்தி மற்ற இரண்டு பேரோடு முன்னால் போய்விட்டான்.

"எந்திரி முகுரே."

"முடியாது. தூக்கு."

"எத்தனை பேரைத்தான் தூக்குறது? எனக்கென்ன பத்துக் கையா?"

"தூக்கு!"

முக்காமிக்குப் பொறுமை போய்விட்டது. எந்தத் தாயும் சொல்கிறதுதான். நானும் என் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

"அப்ப இங்கயே கிட. நாங்க போறோம். நான் வந்து கூப்பிடுற வரைக்கும் இந்தப் படியை விட்டு அசையக்கூடாது."

அழுகை நின்றது. சட்டென்று... குழாயை மூடின மாதிரி.

முக்காமி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பத்தடி, பதினைந்தடி. பின்னால் சளக், சளக் என்று தண்ணீரில் காலடி. அரைக் கண்ணால் பார்த்தாள். மஞ்சள் கோட்டு. தொப்பி முகத்தை மூடியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வந்துகொண்டிருந்தது.

மிரட்டினால்தான் வழிக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு ஐம்பத்திரண்டு. கரிசா குடையோடு கேட்டில் நின்றார். பிள்ளைகள் தாண்டத் தாண்ட விரலை மடக்கினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. சரியா இருக்கு." நோட்டில் அடித்தார். சங்கிலி கலகலவென்று ஓடியது. பூட்டு விழுந்தது.

கிழவருக்குக் கண் சரியில்லை, பின்னால் வந்த ஒன்றை விட்டுவிட்டார் என்று முக்காமி நினைத்தாள். கேட்கத்தான் வாயெடுத்தாள். கேட்டால் நான்கு என்று சொல்லவேண்டும். பேசாமல் வேனில் ஏறினாள்.

பின்னால் மஞ்சள் கோட்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறின. கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. கண்ணாடியெல்லாம் மூச்சுக் காற்றில் மங்கிவிட்டது. முன் இருக்கையில் இருந்தபடியே, திரும்பாமல், ஒவ்வொரு மண்டாசியாகப் பின்னால் நீட்டினாள்.

"கிஹாரா." சூடான கை வாங்கியது.

"வமூயு." வாங்கியது.

"இருங்கு." இரண்டு குட்டிக் கைகள் பிடுங்கின.

"முகுரே."

யாரும் வாங்கவில்லை.

"முகுரே, கோவமா? வாங்கிக்கோடி."

அப்புறம் ஒரு கை வாங்கியது. சில்லென்று இருந்தது. விரலெல்லாம் மணல். மண்டாசியோடு அவள் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து... கொஞ்ச நேரம் வைத்திருந்து... விட்டது.

கையில் மிச்சம் இல்லை. எல்லாரும் இருக்கிறார்கள்.

"போகலாம்" என்றாள். மணி நான்கு ஐம்பத்தெட்டு.

வழியெல்லாம் பின்னால் சத்தமே இல்லை. "முகுரே தூங்கிட்டா போல. கடவுள் இருக்காரு" என்றான் முரேய்தி. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார்கள்.

ஐந்து நாற்பத்தொன்று. விடுதி வாசல். முரேய்தி கதவை இழுத்தான்.

கிஹாரா இறங்கினான். வமூயு இறங்கினாள். இருங்குவைத் தூக்கி இறக்கினான்.

மூலையில் ஒரு மஞ்சள் கோட்டு உட்கார்ந்திருந்தது.

"முகுரே, எந்திரி கண்ணு."

தோளைத் தொட்டான்.

கோட்டு அமுங்கியது. உள்ளே யாருமில்லை.

வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. உள்பக்கம் ஈரம் சொட்டியது.

"எங்கடா அவ?"

கிஹாரா மூலையைக் காட்டினான். "என் பக்கத்துலதான்பா இருந்தா. பேசவே இல்ல. ரொம்பக் குளுந்து கிடந்தா. அதான் தள்ளி உக்காந்தேன்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"தொப்பி போட்டிருந்தா..."

இருக்கைக்கு அடியில் தேடினார்கள். மண்டாசியும் இல்லை.

ஆறு முப்பத்தைந்து. கேட்டின் கம்பியைப் பிடித்து முக்காமி உலுக்கினாள்.

கரிசா விளக்கோடு வந்தார். "உள்ள யாரும் இல்லம்மா. மூணு எழுதினேன், மூணு அனுப்பினேன்."

"நாலு! எனக்கு நாலு புள்ளைங்க!"

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் அந்த எண்ணைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கிழவர் முகம் செத்துப்போனது. "இதை மூணு இருபதுக்குச் சொல்லக்கூடாதாம்மா?"

ஓடினாள்.

கல்லறை. கிணறு. அந்த வீடு.

அந்தப் படி.

முகுரே இல்லை.

படியின் குழியில் ஒரு மண்டாசி இருந்தது.

சுற்றிலும் மழை... அது மட்டும் நனையவில்லை.

எடுத்தாள். இளஞ்சூடு.

ஒரே ஒரு கடி. நடுவில் கடிபடாமல் ஒரு முனை துருத்திக்கொண்டு நின்றது. முன்பல் இல்லாத வாய் கடித்த கடி.

"அம்மா வந்துட்டேன்டி!" என்று கத்தினாள். "வந்து கூப்பிடுறேன்டி! வாடி!"

கிணற்றுப் பக்கமிருந்து மட்டும் பதில் வந்தது. வாடி... வாடி...

போலீஸ் வந்தது. எழுதுகிறவர் கேட்டார், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" முரேய்தி வாயைத் திறந்தான். "மூணு" என்றான்.

பழக்கம்தான். ஆனால் முக்காமி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. எட்டு நாள் தேடினார்கள். கிணற்றை இறைத்தார்கள், நாய் விட்டார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. நாய் அந்தப் படிவரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதெல்லாம் அவள் சொன்னது. இனி நான் பார்த்தது.

மூன்று வருஷம் போய்விட்டது. முரேய்தி வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு முக்காமியையும் பிள்ளைகளையும் என் வண்டியில் நைரோபிக்குக் கூட்டிப்போனேன். பகல் பதினொன்றரை, பளீரென்ற வெயில். வழியில் நிறுத்தச் சொல்லி மண்டாசி வாங்கினாள். பேர் சொல்லித்தான் வாங்கினாள். நான்கு பேர்.

வண்டி நகர்ந்ததும் திரும்பாமல் பின்னால் நீட்டினாள். கிஹாரா. வமூயு. இருங்கு. நான் கண்ணாடியில் பார்த்தேன். மூன்று பேர் கையிலும் ஒவ்வொன்று இருந்தது.

"முகுரே" என்றாள்.

அவள் கை காற்றில் நின்றது. நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கை மடியில் இருந்தது. வெறுங்கை.

"எல்லாரும் இருக்காங்க அண்ணே. போங்க" என்றாள்.

அவர்களைக் கல்யாண வீட்டில் இறக்கிவிட்டு வண்டியைக் கூட்டினேன். கடைசி இருக்கையின் மூலை ஈரமாக இருந்தது. கொஞ்சம் கடல் மணல். என் வண்டி கடல் பக்கமே போனதில்லை. இருக்கைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு மண்டாசி செருகியிருந்தது. ஒரே ஒரு கடி.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துருத்திக்கொண்டு நிற்கிற முனை இல்லை. கடி ஒரே சீராக இருந்தது. நடுவில் அகலமான இரண்டு பல்லின் தடம், பக்கத்துப் பக்கத்தில். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருக்குமே, அந்த மாதிரி.

எலி புதுப் பல்லை அவளைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அவள் அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

அந்த மண்டாசியை ஓடையில் எறிந்துவிட்டேன். முக்காமியிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொன்னால் அன்றைக்கே கிளம்பிப் போய் அந்தப் படியில் உட்கார்ந்துகொள்வாள். மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்குத் தாய் வேண்டும்.

அவர்கள் எத்தனை பேர் என்று என்னிடம் கேட்காதீர்கள்.