பாய்க்கு ஒரு மிஸ்டு கால்

நான் டிரெய்லர் ஓட்டுகிறேன். எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போவேன். ஓட்டும் நேரம் கொஞ்சம், வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். சில சமயம் ஒன்றரை நாள்கூட நிற்போம். நிற்கிற வண்டியின் நிழலில் காசு வைத்துச் சீட்டாட்டம் நடக்கும். அங்கேதான் நான் கெட்டேன்.

என் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே வாரம் ஒருமுறை சூதாட்டத்தை விட முடியாத எங்களைப் போன்றவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். எனக்குப் பேச வராது. பக்கத்தில் ஒரு பாய். வண்ணாரப்பேட்டையில் நைட்டி மொத்த வியாபாரம். அவர் ஆடியது போனில், ரம்மி. விட்டு ஐந்து வருஷம் ஆகியும் வாராவாரம் வந்தார். எனக்கும் சேர்த்து அவரே பேசினார்.

ஒரு நாள் வெளியே வந்ததும் என் போனை வாங்கித் தன் நம்பரைப் போட்டார்.

"கை அரிச்சா ஒரு மிஸ்டு கால் உடு மாமு. வேற ஒண்ணும் பேச வாணாம். நான் வந்துர்றேன்."

முதல் தடவை அடித்தது வரிசையில்தான். உச்சி வெயில். பக்கத்து வண்டிக்குக் கீழே தார்ப்பாய் விரித்து, "ஒரு கை கொறையுது, வா மச்சி" என்று கூப்பிட்டார்கள். என் ஒரு கால் படியில் இருந்தது. மிஸ்டு கால் விட்டேன். பாய் உடனே திரும்பக் கூப்பிட்டார்.

"எங்க கீற?"

"வள்ளூராண்ட."

"கேபின்லயே குந்து. எறங்காத."

ஸ்கூட்டரில் நைட்டி மூட்டையோடு வந்தார். சட்டையெல்லாம் கரித்தூசி. கேபினில் ஏறி உட்கார்ந்து, காசிமேட்டுப் பெண்கள் என்ன கலர் எடுப்பார்கள், மணலிப் பெண்கள் என்ன கலர் எடுப்பார்கள் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரிசை நகர்ந்ததும் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாலு வருஷத்தில் இரண்டு முறை நான் விழுந்தேன். முதல் முறை, "எல்லாம் போச்சு பாய்" என்றேன்.

"இன்னா போச்சு? எட்டு மாசம் ஆடாம இருந்தியே, அத்த எவன் புடுங்கினு போனான்?" என்று திட்டினார். மறுபடி ஆரம்பித்தேன்.

போன வருஷம் அவரிடமிருந்து ஒரு மாதமாகப் பேச்சில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. கடைக்குப் போனால், சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு அவர் மனைவி எனக்கு போன் செய்தார்.

"அண்ணே, அவரு திரும்ப ஆட ஆரம்பிச்சுட்டாரு. மூணு நாளா வூட்டுக்கும் வரல, கடைலயே படுத்துக்கிறாரு. ஊருக்கெல்லாம் புத்தி சொன்னேனே, எந்த மூஞ்சிய வெச்சுகினு வருவேன்னு போன்ல அழுவுறாரு."

ஒன்பது வருஷம் ஆடாமல் இருந்தவர். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேரே கடையில் போய் நின்றால் பின்பக்கமாக நழுவிவிடுவார். டோல்கேட்டில் டீக்கடை ஓரமாக வண்டியைப் போட்டு யோசித்தேன். அன்று எனக்குக் கை அரிக்கவில்லை. ஆனாலும் மிஸ்டு கால் விட்டேன்.

அவர் ஒருமுறையும் வராமல் இருந்ததில்லை. இந்த முறை வராவிட்டால் இனி யாரிடமும் வரமாட்டார் என்று பட்டது.

போன் அடிக்கவில்லை. டீ ஆறியது. இன்னொன்று வாங்கினேன். அதுவும் ஆறின பிறகு அடித்தது.

"எங்க கீற?"

"டோல்கேட்டு."

வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா மாமு, ஆட்னியா? எவன் இஸ்துகினு போனான்?"

"நான் ஆடல பாய்."

"பின்ன இன்னாத்துக்கு அடிச்ச?"

நான் அவர் சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவ சொன்னாளா?"

"ஆமா."

"பொய்யா கூப்ட்டுகீற. நல்லா கீது." ஸ்கூட்டரைத் திருப்பிக் கிளப்பினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். ஒரே மூச்சில் நான் அதிகம் பேசியது அன்றுதான்.

"போ பாய். ஆனா நாளைக்கு எனக்கு கை அரிக்கும். நாளான்னிக்கும் அரிக்கும். நீ ஒளிஞ்சுகினு கெடந்தா நான் யாருக்கு அடிக்கிறது? விழுந்தவன் வரக்கூடாதுன்னா, நான் ரெண்டு தபா வந்தேனே, அப்பவே என்னைத் தொரத்திருக்கணும் நீ."

வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டுக்குள் இருந்தே, "நாப்பது நாளா ஆடிகினு கீறேன் மாமு" என்றார். பிறகு மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். கேட்பது எனக்கு வரும். கேட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போகிறோம். இன்றுவரை அவர் ஆடவில்லை. ஆனால் அன்று டோல்கேட்டில் அவருக்கு இருந்த கஷ்டம் வேறு.

"வூட்டுக்கு கூட வாயேன் மாமு. தனியா உள்ள போவ காலு வரல."

போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"வாங்கண்ணே, உள்ள வாங்க."

நான் உள்ளே போனேன். பாய் வாசலிலேயே நின்றார்.

"நீங்களுந்தான்" என்றார் அந்தம்மா, பாயின் முகத்தைப் பார்க்காமல்.

செருப்பைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது.