பட்டாளக் கடதாசியும் நான் வாசித்த பஞ்சாங்கமும்

லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் சுவரில் ஏதாவது ஒரு கடதாசி கண்ணாடி போட்டுத் தொங்கும். பிள்ளையின் பட்டம், இல்லாவிட்டால் பேத்தி நடனத்தில் வாங்கிய சான்றிதழ். என் வீட்டுக்காரரிடமும் ஒரு கடதாசி இருந்தது. அதை அவர் ஒருநாளும் தொங்கவிட்டதில்லை. செவன் கிங்ஸில் மகள் வீட்டு மேலறையில், அலுமாரியின் அடித்தட்டில், சட்டைகளுக்குக் கீழே விரித்த பேப்பருக்கும் கீழே அது கிடந்தது. ஊரில் நாலு தரம் இடம்பெயர்ந்தபோதும் அதைக் கைவிடவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை.

வெள்ளைக்காரனின் பட்டாளம் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்தது அது. கடதாசி என்று நாங்கள் சொல்வோம். உண்மையில் ஒரு சின்னப் புத்தகம். பதினெட்டு வயதில் சேர்ந்தவர். இரண்டாம் உலகச் சண்டை முடிகிற நேரம் இவர்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்ச் சாமான் கிடங்குகளுக்குக் காவல் வைத்தார்கள். கலியாணத்துக்கு லீவு எடுத்து ஊருக்கு வந்தவர், குறித்த நாளில் திரும்பிப் போகவில்லை. போகவேண்டிய கப்பல் கொழும்பிலிருந்து போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு மூன்று கிழமைக்கு மேல் காத்திருந்து போனார். போன இடத்தில் அடைத்து வைத்து, விசாரித்து, பட்டாளத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் 'நடத்தை' என்று அச்சடித்த வரிக்கு எதிரே, பேனாவால் ஒரு சொல் எழுதியிருந்தது. மோசம் என்று அதற்கு அர்த்தம். எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது. ஆனாலும் அந்தச் சொல் எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன்.

அந்த ஒரு சொல்லால் அவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தே காலத்தைக் கழித்தார். அதற்காக என்னை ஒருநாளும் ஏசியதில்லை. என் அப்பாவைத்தான் ஏசுவார். "உம்மட அப்பரின்ர பஞ்சாங்கம்" என்பார். கறியில் உப்புக் கூடினாலும் அதைத்தான் சொல்வார், பஸ் பிந்தினாலும் அதைத்தான் சொல்வார். பகிடி போலத்தான் இருக்கும். ஆனால் என் அப்பா வீட்டில் நல்லது கெட்டது எதற்குப் போனாலும் அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். அப்பா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இவர், "இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுவார். அப்பா சாகும்வரை அப்படித்தான் இருந்தது.

லண்டனுக்கு வந்த பிறகு, ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே போவார். சண்டையில் செத்தவர்களுக்காகக் கல்தூணடியில் பழைய பட்டாளக்காரர் எல்லாம் வரிசையாய் வந்து நின்று பூ வளையம் வைக்கிற நாள் அது. இவர் அந்த வரிசையில் நிற்கமாட்டார். ரோட்டுக்கு மற்றப் பக்கத்தில், பஸ் தரிப்பில், ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல நிற்பார். வந்து போகிற பஸ் ஒன்றிலும் ஏறமாட்டார்.

ஊரில் சண்டை நின்று, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம். அந்த வருடம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் அவரைக் கண்டுபிடித்துவிட்டார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். "பஸ்ஸுக்கு நிற்கிறவன் இப்படி விறைப்பாய் நிற்கமாட்டான்" என்று சொன்னாராம். வந்து எங்களோடு நில் என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன், கடதாசி கேட்டவரோ?"

"அவன் கேக்கேல்லை. எனக்குத் தெரியுந்தானே, அதிலை என்ன எழுதிக் கிடக்கு எண்டு. நடத்தை மோசமானவன் போய் நல்லவங்களோட நிக்கிறதே?"

அதற்குப் பிறகு, காரணத்தைக் கேட்டறிந்த அந்தக் கிழவரே ஒரு வழி சொன்னார். பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்க்கச் சொல்லி ஒரு அரசாங்கக் கந்தோருக்கு எழுதலாம், நியாயம் இருந்தால் சொல்லை மாற்றுவார்கள் என்றார். மகள் ஷிப்ட் முடிந்து வந்து, குசினி மேசையில் இருந்து விண்ணப்பம் எழுதினாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். போகிற நாள் மரணயோகம், பயணம் வெளிக்கிடக் கூடாத நாள் என்று மாமனார் மறித்துவிட்டார், புது மாப்பிள்ளை எதிர்த்துப் பேச முடியவில்லை, ரயில் ஏறியது ஒருநாள் பிந்தியது, கப்பல் போய்விட்டது. இதுதான் கதை.

மகள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, மரணயோகத்தை வெள்ளைக்காரனுக்கு நான் எப்பிடி விளங்கப்படுத்திறது?"

"அது கொம்மாவின்ர அப்பரைத்தான் கேக்கவேணும்" என்றார் அவர்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழும்பிப் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாத சட்டியைக் கிண்டினேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அந்த நேரம் கூட இருந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால், நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தது நான் ஒருத்திதான்.

என் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். லண்டனுக்கு வந்த புதிதில் கவுன்சில் கந்தோரில் ஒரு பெட்டை, "எழுதத் தெரியாவிட்டால் ஒரு புள்ளடி போட்டால் போதும்" என்றாள். மகள் மொழிபெயர்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேனாவை வாங்கி, அப்பா பெயரோடு சேர்த்து என் முழுப் பெயரையும் தமிழில் எழுதினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுத்திருந்தார்கள். அன்றைக்கு நினைத்தேன், இந்தக் கையெழுத்தைப் பொய்யான ஒன்றுக்குக் கீழே வைப்பதில்லை என்று.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் அப்டன் பார்க் கடைத்தெருவில் வாங்கிவந்த முருங்கைக்காயை மேசையின் ஒரு பக்கத்தில் இருந்து வெட்டிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் மகள் கடதாசியோடு இருந்தாள்.

"சொல்லுங்கோ அம்மா. அண்டைக்கு மரணயோகம், தாத்தா மறிச்சவர். அப்பிடித்தானே?"

"இல்லைப் பிள்ளை. எழுது. அண்டைக்கு மரணயோகம் இல்லை."

"என்னம்மா?"

"சித்தயோகம். நல்ல நாள். நான்தான் மாத்தி வாசிச்சனான்."

அப்பாவுக்குக் கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கியிருந்த காலம் அது. நாலாம் வகுப்புப் படிப்பால் எனக்கு அந்த வீட்டில் ஒரேயொரு வேலைதான் இருந்தது. காலையில் பஞ்சாங்கத்தை எடுத்து, இன்றைக்கு என்ன நாள், என்ன யோகம் என்று அப்பாவுக்கு வாசித்துச் சொல்வேன். நான் வாசித்தால் அது சரி. அப்பா ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. இவர் அன்று பின்னேர ரயிலுக்குப் போக, வாசலில் இருந்து சப்பாத்து மினுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கலியாணம் முடிந்து பத்தொன்பது நாள். எனக்குப் பதினேழு வயது. வீடு நிறையச் சனம். பகல் வெளிச்சத்தில் அவரோடு பத்து வார்த்தை பேசியிருப்பேனோ தெரியாது. இன்னும் ஒருநாள் நின்றால் என்ன என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கப்பலும் பஸ் மாதிரி, ஒன்று போனால் பின்னால் ஒன்று வரும் என்றுதான் எனக்குத் தெரியும்.

மகளுக்கு இதைச் சொல்லி முடித்தேன். அவள் எழுதவில்லை. என்னையே பார்த்தாள். "ஏனம்மா அப்பிடிச் செய்தனீங்கள்?"

"கலியாணம் கட்டினவள்தானே நீ. ஏனெண்டு கேக்கிறாய்."

முருங்கைக்காய் வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அவர் கத்தியைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மகள் பின்னால் போக எழும்பினாள். நான் விடவில்லை.

பொழுது படுகிற நேரம் திரும்பி வந்தார். வயது போனவர்களுக்குப் பஸ் இலவசம் என்பதால், ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்புவரை போய், அதே பஸ்ஸில் வந்திருக்கிறார். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"மாமா செம்பைத் தூக்கிக்கொண்டு நிக்கிறவர்" என்றார்.

"ஓம்."

"அந்த மனிசன் என்ன பிழை செய்தது? ஒண்டும் செய்யேல்லை."

"ஓம்."

"நீர் சொல்லியிருக்கலாம்."

"ஓம்" என்றேன். சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முதலில் பயம். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள். பிறகு அப்பா போய்விட்டார். பிறகு, இவ்வளவு காலம் சொல்லாததை இனி எப்படிச் சொல்வது என்ற வெட்கம். அதையெல்லாம் அவரிடம் விரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது நியாயம் சொல்வது போல இருக்கும்.

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார். எப்போதும் நான் எடுத்துக் கொடுக்கிற பிரஷர் குளிசையைத் தானே எடுத்துப் போட்டார். அந்தக் குளிசைப் பெட்டியைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது.

நாலாம் நாள் மகள் கடதாசியை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தாள். அவளுக்கு ஒரு கவலை. "அப்பா, தாத்தா மறிச்சவர், அது எங்கட சமய வழக்கம் எண்டு எழுதினால் ஒருவேளை இரங்குவாங்கள். அம்மா சொன்னதை எழுதினால் காரணமே இல்லையே. நீங்கள் சும்மா நிண்டமாதிரி வரும். முன்னம் எழுதினதும் பொய் எண்டு வரும். சொல்லை மாத்தமாட்டாங்கள்."

அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். கோட்டைக்கூட உலர் சலவைக்குக் கொடுத்து எடுத்து வைத்திருந்தார், வரிசையில் நிற்கிற நாளுக்கென்று.

"உள்ளதை எழுது" என்றார். "முதல் எழுதினதிலை மாமாவைப் பற்றி உள்ள வரியை எடுக்கச் சொல்லியும் எழுது. அவர் மறிக்கேல்லை. கொம்மா கையெழுத்து வைக்கப்போறா. அதுக்கு மேலை பொய் ஒண்டும் நிக்கக்கூடாது."

பிறகு என்னைப் பார்த்து, "ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?" என்றார்.

"எதை?"

"நிக்கச் சொல்லி."

"கேட்டிருந்தால் நிண்டிருப்பியளோ?"

"கப்பலை விட்டிருக்கமாட்டன்" என்றார். பிறகு, "ஆனால் அழுதுகொண்டு போயிருப்பன்" என்றார்.

மகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். பிறகு மெல்ல, ஒவ்வொரு எழுத்தாய், என் பெயரை எழுதினேன். அன்று இரவு அவர் குளிசைக்குக் கையை நீட்டினார்.

கோடை முடிகிற நேரம் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. மகள் நின்றபடியே பிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் மாடிப்படியில் ஒருவருக்கு மேல்படியில் ஒருவராய் நின்றோம். லீவு முடிந்தும் வராமல் நின்றது பிழைதான், அதை மாற்ற முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு குற்றமும் செய்யாத இளைஞனுக்கு அந்தச் சொல் கூடிப்போன தண்டனை என்றும், அதை மாற்றியிருப்பதாகவும் இருந்தது. மனைவியின் வாக்குமூலத்தையும் அவருடைய பழைய பதிவுக் கோவையில் சேர்த்து வைத்திருக்கிறார்களாம்.

"என்ன சொல்லுக்கு மாத்தியிருக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

மகள் தயங்கினாள். "சுமார் எண்டு போட்டிருக்கு அப்பா."

"சுமாரோ?"

"சுமார்."

அவர் கடிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, தானே வாசித்தார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு, யோசிச்சு யோசிச்சு, சுமார் எண்டு சொல்லுறாங்கள்."

"நான் எண்டால் அதுவும் தந்திருக்கமாட்டன்" என்றேன்.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்துப் படியில் இருந்துவிட்டார். கடிதத்தை மடியில் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி நீவித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நவம்பரில் அவர் போய் நின்றார். பக்கத்து வீட்டுக் கிழவர் இடது பக்கம், இவர் வலது பக்கம். மற்றவர்கள் நெஞ்சில் பதக்கம் குத்தியிருந்தார்கள். இவரிடம் பதக்கம் இல்லை, அன்றைக்கு எல்லாரும் குத்துகிற, மகள் வாங்கிக் குத்திய சிவப்புக் கடதாசிப் பூ ஒன்றுதான். இரண்டு நிமிடம் ஒருவரும் பேசாமல் நிற்கிற நேரம் வந்தது. கார்கள்கூட நின்றன. என் கண்ணுக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. காலையில் நான்தான் அதில் மயிர் வெட்டிவிட்டேன், கொஞ்சம் கோணல்.

திரும்பி வருகிற பஸ்ஸில், "பேசாமல் நிண்ட நேரம் ஆரை நினைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"உம்மட அப்பரை" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"வேறை ஆரை நினைக்கிறது? சண்டையிலை செத்த ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. நான் கிடங்குக்குக் காவல் நிண்டவன்."

சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். குளிரில் அவருடைய விரல்கள் விறைத்துப்போய் இருந்தன. நான் என் கையுறை ஒன்றைக் கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டேன். சின்னதாய்த்தான் இருந்தது. வீடு வரும்வரை அவர் அதைக் கழற்றவில்லை.