லிசியின் பெல்ட்

என் மச்சான் புட்லோவிடம் கேட்டு, இல்லை என்ற பதிலோடு யாரும் திரும்பியதில்லை. ப்ளக் கேட்டால் ப்ளக், கிளட்ச் கேட்டால் கிளட்ச். அவனுடைய பழைய பனிவண்டிகளைப் பிரித்து மேய்வதற்கென்றே வீட்டுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்கும். ஊர் அவனை நல்லவன் என்றது. நான் ஏமாளி என்பேன், முகத்துக்கு நேராகவே.

எங்கள் வடதுருவக் கடல் இன்னும் உறைந்துகிடந்த அந்த மே மாதம் ஊரே மீன்பிடிப் போட்டிக்காக ஏரிக்குப் போயிருந்தது. கூட்டுறவுக் கடையில் நான் மட்டும் இருந்தேன். ரேடியோவில் புட்லோவின் மகள் லிசியின் குரல் கேட்டது. சீல் வேட்டைக்குத் தனியாகக் கடல்பனியின் விளிம்புக்குப் போயிருந்தாள்.

"பெல்ட் அறுந்துடுச்சு மாமா. ஸ்பேரைக் காணோம். எனக்கும் கரைக்கும் நடுவுல பனி பிளந்துக்கிட்டிருக்கு. அப்பாவ வரச்சொல்லுங்க."

எஞ்சினின் சுழற்சியை வண்டிக்குக் கடத்துவது அந்த ரப்பர் பெல்ட்தான்; அது இல்லாவிட்டால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. இருந்தால் முழு வேகத்தில் விரட்டி, பிளவுத் தண்ணீர் மேலேயே ஓட்டித் தாண்டிவிடலாம். எங்கள் ஆட்கள் செய்கிற காரியம்தான். படகுகள் எல்லாம் கரையில் இன்னும் பனிக்கடியில் கிடந்தன.

ஏரிக்குப் போகாமல் வீட்டிலிருந்த புட்லோ, நான் கூப்பிட்டதும் ஓடி வந்தான். அலமாரியில் ஒரே ஒரு பெல்ட். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே ரக வண்டி. தன் வண்டியில் இருந்ததைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கடையில் இருந்தது நீளம்.

"அவ ஸ்பேர் எங்க மச்சான் போச்சு?"

"நேத்து பக்கத்து வீட்டு குட்லு கேட்டான். ஏரிக்குப் போகணும்னான். என்கிட்ட வேற இல்ல, அவ வண்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கு இவ கிளம்புவான்னு எனக்குத் தெரியாது மாப்ள."

அவனை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. "சரி, நீளமானத உன் வண்டியில மாட்டு. உன்னோடத அவளுக்குக் கொண்டுபோவோம்."

"நீளமானது வழுக்கும். நடக்குற வேகம்தான் வரும். அதுக்குள்ள பிளவு விரிஞ்சிடும்." பழையதையே மாட்டினான். நீளமானதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். நான் பின்னால் ஏறினேன்.

பிளவு ஒரு வீட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. அந்தப் பக்கம் லிசி. புட்லோ எங்கள் வண்டியின் பெல்ட்டைக் கழற்றி வீசினான். அது விளிம்பில் பட்டுத் தண்ணீருக்குள் சரிந்தது. அவள் குப்புறப் படுத்து, ஈட்டியால் கொக்கி போட்டு இழுத்தாள்.

"தொடைம்மா, ஈரம் வழுக்கும். நல்லாத் தொடை."

அவள் மேலங்கியைக் கழற்றிப்போட்டு உள்சட்டையால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் அகன்றுகொண்டே போனது. புட்லோ முழங்காலிட்டுத் தன் தொடையில் குத்திக்கொண்டிருந்தான்.

அவள் பெல்ட்டை மாட்டி, தூரமாகப் பின்னால் போய்த் திரும்பி, விரட்டிக்கொண்டு வந்தாள். வண்டியின் மூக்கு எங்கள் பக்க விளிம்பில் ஏறியது, பின்பக்கம் ஏறவில்லை. அவள் தாவினாள். புட்லோ அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போட்டான். வண்டி பெல்ட்டோடு கடலுக்குள் போய்விட்டது.

அவன் வாய்விட்டு அழுதான். பிறகு நீளமான பெல்ட்டை மாட்டினான். கீழே பனி முனகிக்கொண்டிருக்க, மூன்று பேரும் ஆமை வேகத்தில் கரையைப் பார்த்து ஊர்ந்தோம். என் அங்கிக்குள் லிசி வெடவெடத்தாள்.

"குட்லு கேட்டாம்மா," என்றான் அவனாகவே. "கேட்டா எப்படி இல்லேங்கறது?"

லிசி அங்கிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"என் ஸ்பேர் எனக்கு வேணும்னு நானும் உன்கிட்ட கேட்டு வெச்சிருக்கணுமாப்பா?" என்றாள்.